மலைநாட்டுல விறகு பொயிலர் பார்க்கிறவங்களுக்கு: தினசரி செக் பண்றதுல இருந்து வருஷாந்த ஓவர்ஹோல் வரைக்கும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை பக்கம் விறகு பொயிலர்ல ஷிப்ட் பார்க்கிற தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுறேன். தேயிலை ஸ்டோரா (தேயிலை பெக்டரி) இருக்கட்டும், பால் பெக்டரியா இருக்கட்டும், ஹோட்டல் லோன்ட்ரியா இருக்கட்டும், நெருப்பும் புகையும் குழாய்க்கு உள்ளுக்கு போய் தண்ணி வெளியில சுத்தி நிக்கிற ஃபயர் ட்யூப் பொயிலர்னா இது எல்லாத்துக்கும் பொருந்தும். நம்ம பழைய ஸ்டோர்கள்ல டிரையருக்கு பக்கத்துல நிக்கிறது நிறைய இடத்துல ஹொட் எயார் ஹீட்டர், அதுல ஸ்டீம் பிரஷர் கிடையாது, அதை பார்க்கிறவங்க கிரேட் (விறகு எரியிற கம்பித் தட்டு), ஃபேன், சிம்னி பத்தி சொல்றதை மட்டும் எடுத்துக்கங்க.

முதல்ல உயரம்

இதை முன்னுக்கு வைக்கிறதுக்கு காரணம் இருக்கு. பொயிலரோட வர்ற மெனுவல் கடல் மட்டத்துல ஓடுற பொயிலர நினைச்சு எழுதினது. நுவரெலியா டவுன் கடல் மட்டத்துக்கு மேல 1,868 மீட்டர், அங்க திறந்த டாங்க்ல தண்ணி 100 பாகைக்கு போகவே போகாது, 94 பாகைக்கு கிட்டவே கொதிச்சிரும், ஹட்டன் பக்கம் 96. மெனுவல்ல ஃபீட் டாங்க் (பொயிலருக்கு தண்ணி குடுக்கிற டாங்க்) தண்ணிய 90, 95 பாகையில வைங்கன்னு போட்டிருக்கும், அதை அப்படியே கேட்டு வச்சா பம்ப் இழுக்கிற இடத்துல தண்ணி ஆவியாகி பம்புக்குள்ள கூழாங்கல்லு போட்டு அரைக்கிற மாதிரி சத்தம் வரும், கொஞ்ச நாள்ல இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்துற சக்கரம்) பூச்சி அரிச்ச பலகை மாதிரி ஆகிடும். பம்ப் சரியில்லன்னு பம்ப மாத்துவாங்க, புதுசும் அதே மாதிரி போகும், ஏன்னா பழுது பம்புல இல்ல.

நுவரெலியா உயரத்துல 80 பாகை அளவுல வச்சு, ஃபீட் டாங்க பம்புக்கு எவ்வளவு மேல தூக்கி வைக்க முடியுமோ அவ்வளவு தூக்கி, பம்ப் தண்ணி இழுக்கிற சக்ஷன் பைப்ப நேராவும் பெருசாவும் போட்டு, ஸ்ட்ரெய்னர (குப்பை பிடிக்கிற சல்லடை) கிழமைக்கு ஒருக்கா கழட்டி கழுவுங்க. அதுக்காக பச்சத்தண்ணிய ஏத்தவும் கூடாது. ஃபீட் தண்ணி 6 பாகை கூடினா விறகு 1 சதவீதம் கிட்ட மிச்சம், அதைவிட முக்கியம் குளிர் தண்ணியில கரைஞ்சிருக்கிற ஒக்சிஜன் ட்யூப்ல குழி குழியா அரிக்கும். 80ல ஒக்சிஜன் முழுசா போகாது, மிச்சத்தை சோடியம் சல்பைட் மாதிரி மருந்துதான் எடுக்கணும், அதை தண்ணி டெஸ்ட் பண்ணி கணக்கா போடுங்க.

காத்தும் அப்படித்தான். மேல போகப்போக காத்து மெல்லிசு, அதே ஃபேன் அதே அளவு சுத்தினாலும் நெருப்புக்கு போற ஒக்சிஜன் குறைவு. கொழும்புல செட் பண்ணின டேம்பர் (காத்து வழிய கூட்டிக் குறைக்கிற தகடு) அளவு இங்க கறுப்பு புகையத்தான் தரும். சிம்னி வாயையும் நெருப்போட நிறத்தையும் பார்த்து செட் பண்ணுங்க, மெல்லிசா சாம்பல் நிறத்துல புகை போனா சரி.

ஒவ்வொரு ஷிப்டுக்கும்

ஷிப்ட் எடுக்கிறப்ப முதல் வேலை கேஜ் கிளாஸ், அதான் பொயிலருக்குள்ள தண்ணி மட்டத்தை காட்டுற கண்ணாடிக் குழாய். முன்னுக்கு நின்ன ஆள் "எல்லாம் சரி அண்ணே"ன்னு சொல்லிட்டு போனாலும் நீங்க டெஸ்ட் பண்ணாம நெருப்புக்கு ஒரு கட்டை கூட போடாதீங்க. கீழ இருக்கிற தண்ணி வால்வ மூடிட்டு ட்ரெயின (கிளாஸ்ல இருந்து தண்ணிய வெளியில விடுற வால்வு) திறங்க, ஸ்டீம் மட்டும் பலமா சீறணும், அப்ப மேல் வழி சரி. பிறகு மேல ஸ்டீம் வால்வ மூடி கீழ தண்ணி வால்வ திறங்க, தண்ணி பலமா அடிக்கணும், அப்ப கீழ் வழி சரி. ட்ரெயின மூடி மேல் வால்வ திறந்தா தண்ணி டக்குனு பழைய மட்டத்துல வந்து நிக்கணும். மெதுவா, யோசிச்சு யோசிச்சு வந்துச்சுன்னா எங்கயோ அடைப்பு இருக்கு. ரெண்டு கிளாஸ் இருந்தா ரெண்டையும் செய்யணும், ரெண்டும் ஒரே மட்டம் காட்டணும்.

இதுல நான் இவ்வளவு பிடிவாதமா இருக்கிறது ஏன்னா, பல வருஷத்துக்கு முன்னுக்கு ஒரு ஜூலை மாசம், பத்து நாளா விடாம மழை, ஓடையில இருந்து வர்ற தண்ணி டீ கலர்ல வந்துச்சு, நான் நைட் ஷிப்ட். கிளாஸ்ல பாதிக்கு தண்ணி நின்னுச்சு, நல்லா இருக்குன்னு நினைச்சு ரெண்டு மணித்தியாலம் விறகு தள்ளினேன், அந்த மட்டம் ஒரு நூல் கூட அசையல, அசையாம நிக்கிறதே சரியில்லன்னு எனக்கு அப்ப விளங்கல. கீழ் வழி சேத்துல அடைபட்டு உள்ளுக்கு மாட்டின தண்ணிதான் அது. பெரியவர் ஒருத்தர் தற்செயலா வந்து ட்ரெயின திறந்தார், ஒரு சொட்டு திரும்பி வரல. உடனே ஃபேன நிப்பாட்டி எல்லாரையும் வெளியில அனுப்பினார். அன்னைக்கு ட்யூப் மேல்வரிசை வெளியில தெரியிற அளவுக்கு தண்ணி இறங்கல, அந்த அளவுல தப்பினோம். இன்னைக்கும் மட்டம் அசையாம நிக்கிற கிளாஸ பார்த்தா எனக்கு கை நடுங்கும்.

கிளாஸ்ல தண்ணி தெரியலன்னா என்ன செய்யணும்ங்கிறதையும் இங்கயே சொல்றேன். பம்ப போடாதீங்க. சூடேறி சிவந்த இரும்புல தண்ணி பட்டா நடக்கிறதை யாராலயும் நிப்பாட்ட முடியாது. விறகு போடுறதை நிப்பாட்டுங்க, ஃபேன நிப்பாட்டுங்க, கிரேட்டுக்கு கீழ வர்ற காத்த அடைங்க, நெருப்ப கிளறாதீங்க, ஸ்டீம் வால்வு, சேஃப்டி வால்வுல கை வைக்காதீங்க, ஆட்களோட வெளியில போங்க. ஆறின பிறகு பரிசோதகர் பார்க்காம திரும்ப பத்த வைக்கக் கூடாது.

லோ வோட்டர் கட்ஓஃப், அதான் ஃப்ளோட்டோ ப்ரோபோ உள்ள சேம்பர், அதையும் தினமும் ட்ரெயின் பண்ணுங்க, தண்ணி இறங்கினதும் அலாரம் அடிக்கணும், ஃபேன் நிக்கணும். ஆனா ஒண்ணு, எண்ணெய் பர்னர்னா கட் ஆன உடனே நெருப்பு இல்ல, விறகுல ஃபேன் நின்னாலும் கிரேட் மேல ஒரு அடிக்கு தணல் கிடக்கும், அது அரை மணித்தியாலத்துக்கு மேலயும் தண்ணிய கொதிக்க வச்சிட்டே இருக்கும். அதனால விறகு பொயிலர்ல கட்ஓஃப்ப நம்பி கிளாஸ பார்க்காம இருக்கவே கூடாது. மலையில இடி மின்னலுக்கு கரண்ட் போறது சாதாரணம், அப்ப ஃபீட் பம்பும் நிக்கும், தணல் நிக்காது. ஜெனரேட்டர்லயோ ஸ்டீம் இன்ஜெக்டர்லயோ (கரண்ட் இல்லாம ஸ்டீமாலயே தண்ணி தள்ளுற கருவி) தண்ணி ஏத்துற வழி ஒண்ணு தயாரா இருக்கணும், மாசத்துக்கு ஒருக்கா அதை நிஜமா ஓட்டி பார்த்திருக்கணும். கரண்ட் போன நேரம் கிரேட்டுக்கு கீழ வர்ற காத்த அடைங்க, சிம்னி டேம்பர திறந்தே விடுங்க, ஃபயர் டோர படக்குனு திறக்காதீங்க, உள்ளுக்கு கூடி நிக்கிற வாயு காத்த கண்டதும் முகத்துக்கே நெருப்பா பாயும். ஈர விறகுனா இந்த ஆபத்து ரெண்டு மடங்கு.

ப்ளோடவுண், அதான் அடியில தங்குற சேத்தை தண்ணியோட வெளியேத்துறது. அடியில சேறு வால்வு ரெண்டு இருக்கும், பொயிலருக்கு கிட்ட இருக்கிறது ஒரே இழுப்புல திறக்கிறது, அடுத்தது மெதுவா சுத்தி திறக்கிறது. கிட்ட இருக்கிறதை முதல்ல முழுசா திறங்க, பிறகு மத்ததை மெதுவா திறங்க, மூடும்போது மெதுவானதை முதல்ல மூடி கிட்ட இருக்கிறதை கடைசியா மூடுங்க, அப்பதான் தேய்மானம் எல்லாம் மாத்த லேசான வால்வுக்கு போகும். ஸ்டீம் தேவை குறைஞ்ச நேரத்துல, கண்ணு கேஜ் கிளாஸ்ல வச்சுக்கிட்டு, சில செக்கன். திறந்து வச்சிட்டு வேற வேலைக்கு போகவே கூடாது. நம்ம மாதிரி ஃபயர் ட்யூப் பொயிலர்ல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) 3,500 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 3,500 பங்கு) கீழயும், பொயிலர் தண்ணி பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) 10.5க்கும் 11.5க்கும் இடையிலயும் இருந்தா சாதாரணமா போதும். நம்ம மலைத்தண்ணி மென்மையானது, கருங்கல் பாறையில இருந்து வர்றதால ட்யூப்ல உப்பு கல்லு மாதிரி படியிறது தாழ்நாட்டு கிணத்துத் தண்ணி அளவுக்கு இல்ல. கல்லு படியலன்னு சந்தோஷப்பட்டு மருந்து போடாம விட்டுறாங்க, ஆனா அதே மென்மையான தண்ணிதான் இரும்ப அரிக்கும். அதோட தென்மேல் பருவமழை மாசங்கள்ல சேறு. ஃபீட் டாங்குக்கு முன்னுக்கு ஒரு சேறு படியிற தொட்டியும் மணல் ஃபில்டரும் இல்லாத இடத்துல வேற எதுவும் செய்றதுக்கு முன்ன அதை கட்டுங்க.

சேஃப்டி வால்வோட நெம்புகோல கையால தூக்கி பார்க்கிறப்ப பிரஷர் அது திறக்கிற அளவுல முக்கால் பங்குக்கு மேல இருக்கணும், குறைஞ்ச பிரஷர்ல தூக்கினா குப்பை சீட்டுல மாட்டி பிறகு ஒழுகிட்டே இருக்கும். ஒழுகுதுன்னு ஸ்பிரிங்க இறுக்குறது, மேல பாரம் கட்டுறது, கட்டை வைக்கிறது இதெல்லாம் கொலைக்கு சமம், நான் கண்ணால பார்த்திருக்கேன், அதனாலதான் இப்படி எழுதுறேன். ஒழுகினா கழட்டி சீட்ட தீட்டி, திரும்ப செட் பண்ணி சீல் வைக்க தகுதியான ஆள்கிட்ட குடுங்க. பிரஷர் கேஜுக்கு கீழ வளைஞ்சு இருக்கிற சைஃபன் பைப்புல எப்பவும் தண்ணி நிக்கணும், ஸ்டீம் நேரா கேஜுக்குள்ள போனா கேஜ் கெட்டுப்போய் பொய் சொல்லும்.

நெருப்பு பக்கம்

யூக்கலிப்டஸ், கிளிரிசீடியா, தாழ்நாட்டுல இருந்து வர்ற ரப்பர் விறகு, எதுவானாலும் ஈரமா போட்டா ஸ்டீம் வராது, தார்தான் வரும். விறக பிளந்து, கூரைக்கு கீழ, காத்து போற மாதிரி அடுக்கி மாசக்கணக்கா காய விடுங்க. விறகு ஷெட்டும் பொயிலர் மெயின்டனன்ஸ்ல ஒரு பாகம்தான், நிறைய துரைமார் (தோட்ட மனேஜர்மார்) இதை ஏத்துக்க மாட்டாங்க.

ட்யூப் எப்ப அழுக்காச்சுன்னு தெரிஞ்சுக்க சிம்னிக்கு போற வழியில ஒரு தெர்மோமீட்டர் போடுங்க. சுத்தம் பண்ணின அடுத்த நாள், வழக்கமான லோடுல என்ன காட்டுதுன்னு லொக் புக்ல எழுதுங்க. அதுல இருந்து 22 பாகை கூடினா விறகு 1 சதவீதம் வீணா போகுதுன்னு கணக்கு, 40 பாகைக்கு மேல கூட விடாதீங்க, நிப்பாட்டி ப்ரஷ் போடுங்க. கம்பி ப்ரஷ் ட்யூப் உள்ளளவுக்கு சரியா இருக்கணும், தேய்ஞ்ச ப்ரஷ் சாம்பல தடவி விடும், எடுக்காது. சுத்தம் பண்றப்ப டோர்ச் அடிச்சு ட்யூப் ப்ளேட்ட (ட்யூப் முனைகள் பொருந்தியிருக்கிற தகடு) பாருங்க, ட்யூப் முனையை சுத்தி வெள்ளையா உப்பு பூத்த மாதிரி ஒரு கோடு இருந்தா அது ஒழுக்கு, இன்னைக்கு ஈரமா இல்லைனாலும் ஒழுக்குதான். எக்ஸ்பேண்டர் (ட்யூப் முனைய உள்ள இருந்து விரிக்கிற கருவி) போட்டு லேசா இறுக்கலாம், அளவுக்கு மிஞ்சி இறுக்கினா ட்யூப் மெலிஞ்சு ப்ளேட்டுல ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல வெடிக்கும். அதே இடம் ரெண்டாவது தடவை ஒழுகினா ட்யூப மாத்துங்க.

கிரேட் கம்பி வளைஞ்சது, முனை உருகினது எல்லாத்தையும் மாத்துங்க. சாம்பல முழுசா வழிச்சு எடுத்துட்டு நெருப்பு போடாதீங்க, மெல்லிசா ஒரு படை இருந்தா அதுதான் கம்பிய சூட்டுல இருந்து காக்கும். ஃபயர் ப்ரிக்ல மயிரிழை வெடிப்புக்கு பயப்பட வேணாம், சூடேறினா மூடிக்கும், கல்லு கழண்டு பின்னால இரும்பு தெரிஞ்சா மட்டும் உடனே கட்டுங்க, கட்டின பிறகு சின்ன நெருப்புல மெதுவா காய வைங்க.

சுத்துற சாமான்

ஐடி ஃபேன், அதான் புகைய சிம்னிக்கு இழுக்கிற ஃபேன், அதுதான் நம்ம பக்கம் முதல்ல சாகுறது. விறகு சாம்பல் பிளேட்ட தேய்க்கவும் செய்யும், அதுல ஒட்டவும் செய்யும். பனி விழுற இரவுல ஃபேன் நின்னா அந்த சாம்பல் ஈரத்தை இழுத்து களிமண் மாதிரி ஒரு பக்கமா கட்டிக்கும், விடிய ஸ்டார்ட் பண்ணினதும் ஃபேன் ஆடும். ஆட்டம் வந்தா பவுண்டேஷன் நட்டை இறுக்கி மறைக்காதீங்க, கரண்ட கட் பண்ணி பூட்டு போட்டு சாவிய உங்க சட்டைப்பைல வச்சுக்கிட்டு பிளேட்ட எல்லாத்தையும் ஒரே மாதிரி சுரண்டுங்க. ஒண்ண மட்டும் சுரண்டினா ஆட்டம் இன்னும் கூடும். பிறகும் ஆடினா பிளேட் தேய்மானத்தை அளந்து பேலன்ஸ் பண்ண குடுங்க.

பெயாரிங்குக்கு கிரீஸ் கூட போட்டா நல்லதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, தப்பு. பெயாரிங் வீட்டுக்குள்ள (ஹவுசிங்) மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் போதும், நிறைச்சா கிரீஸே கடைஞ்சு சூடாகும். கைய வச்சு மூணு எண்ணுறதுக்குள்ள எடுக்க வேண்டி வந்தா தெர்மோமீட்டர் வச்சு பாருங்க, சத்தம் மாறியிருக்கான்னு ஒரு நீட்டு ஸ்க்ரூ ட்ரைவர வீட்டுல வச்சு பிடிய காதுல வச்சு கேளுங்க. வி பெல்ட்டு நாலு ஓடுற இடத்துல ஒண்ணு அறுந்தா நாலையும் மாத்துங்க, புதுசும் பழசும் சேர்ந்து இழுக்காது.

ஃபீட் பம்ப் கிளாண்ட் பேக்கிங்ல (ஷாஃப்ட்ட சுத்தி அடைக்கிற கயிறு) இருந்து தண்ணி சொட்டுறது பழுது இல்ல, சொட்டணும், செக்கனுக்கு ஒரு சொட்டு மாதிரி. சொட்டே வராத அளவுக்கு இறுக்கினா பேக்கிங் கருகி ஷாஃப்ட்ட கீறும். மெக்கானிக்கல் சீல் போட்ட பம்புனா ஒரு சொட்டு கூட வரக்கூடாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கப்ளிங் (மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற பாகம்) நேரா இருக்கான்னு பம்ப் சூடா இருக்கிறப்பவும் ஒருக்கா பாருங்க, குளிர்ல சரியா இருந்தது 80 பாகைத் தண்ணி ஓடினதும் மாறியிருக்கும். பம்ப் நின்னதும் டெலிவரி பைப் கை பொறுக்காம சுட்டா செக் வால்வு (தண்ணிய ஒரு பக்கமா மட்டும் விடுறது) பிடிக்கல, பொயிலர் தண்ணி பின்னுக்கு வருதுன்னு அர்த்தம்.

வருஷத்துக்கு ஒருக்கா உள்ளுக்கு

1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஸ்டீம் பொயிலர அதிகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்து சான்றிதழ் குடுக்கணும், இதை தொழில் திணைக்களம் கவனிக்குது. சான்றிதழ்ல போட்ட திகதி முடியிறதுக்கு முன்னுக்கு நீங்க பொயிலர தயார் பண்ணி வைக்கணும். ஏப்ரல், மே மாசம் கொழுந்து குவியிற நேரம் துரை விட மாட்டார், கொழுந்து குறையிற கிழமைய முன்னுக்கே டீமேக்கரோட (ஸ்டோர்ல தேயிலை வேலைய பார்க்கிறவர்) பேசி எழுத்துல வாங்கிக்கங்க. ஆயுத பூஜைக்கு எல்லா ஸ்டோர்லயும் மெஷின கழுவி சந்தனம் வைக்கிறோமே, எங்க ஆட்கள் அந்த நாளுக்கு முந்தின கிழமையில ஸ்பேனர், எக்ஸ்பேண்டர், ப்ரஷ் எல்லாத்தையும் எண்ணி பழுது பார்க்கிற பழக்கம் வச்சிருக்காங்க, நல்ல பழக்கம்.

ஆற வைக்கிறதுல அவசரம் வேண்டாம். நெருப்ப தானா அணைய விட்டு, டோர் எல்லாம் மூடியே வச்சு ஒரு முழு நாள் விடுங்க. ஐடி ஃபேன போட்டு குளிர்காத்த இழுத்து ஆற வச்சா ட்யூப் முனை சுருங்கி ஒழுக்கு பிடிக்கும், நம்ம குளிர்ல இது இன்னும் மோசம். பிரஷர் சுத்தமா போனதும் மேல வென்ட்ட திறந்துட்டுத்தான் தண்ணிய வடிக்கணும், இல்லன்னா உள்ளுக்கு வெற்றிடம் உண்டாகும்.

உள்ளுக்கு இறங்குறதுக்கு முன்னுக்கு ஸ்டீம், ஃபீட், ப்ளோடவுண் மூணையும் மூடி பூட்டுங்க, பக்கத்துல வேற பொயிலர் ஓடுதுன்னா வால்வ மட்டும் நம்பாம பைப்ப கழட்டி ப்ளேங்க் ப்ளேட் (ஓட்டை இல்லாத தகடு) அடிங்க. காத்த அளக்கணும், ஒக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு கீழ இருந்தா இறங்கக் கூடாது. நெருப்பு பக்கம் இறங்குறவங்க சாம்பலுக்கு அடியில கிடக்கிற தணல மறக்கக் கூடாது, ரெண்டு நாள் கழிச்சும் அதுல இருந்து கார்பன் மொனொக்சைட் வரும், அதுக்கு வாசம் கிடையாது. லைட்டு 24 வோல்ட்டுக்கு மேல வேண்டாம். மேன்ஹோலுக்கு வெளியில ஒருத்தர் கட்டாயம் நிக்கணும், அவர் எந்த காரணத்துக்கும் உள்ளுக்கு குதிக்கக் கூடாது, கயிறும் ஆள் கூப்பிடுறதும்தான் அவர் வேலை.

உள்ளுக்கு போனதும் கழுவுறதுக்கு முன்னுக்கு ஒருக்கா பாருங்க, போட்டோ எடுங்க, ஏன்னா எந்த இடத்துல எவ்வளவு சேறு கிடக்குங்கிறதே உங்க ப்ளோடவுண் சரியா தப்பான்னு சொல்லிரும். பிறகு கழுவி, தண்ணி மட்டம் நிக்கிற கோட்டை சுத்தியும் ஃபீட் பைப் உள்ள வர்ற இடத்துலயும் குழி பாருங்க, குழி மேல செம்மண் கட்டி மாதிரி ஒரு மூடி இருக்கும், சுரண்டினா கீழ கறுப்பு, அதுதான் ஒக்சிஜன் வேலை. ஃபர்னஸ் குழாய் மேல்பக்கம் தட்டையா இறங்கியிருக்கா, வீங்கியிருக்கான்னு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சு பாருங்க. ஃபர்னஸும் ட்யூப் ப்ளேட்டும் சேர்ற வளைவுல நீட்டுக்கு கீறல் மாதிரி பள்ளம் இருந்தா கை வைக்காம பரிசோதகருக்கு காட்டுங்க, வெல்டிங் அடிச்சு மூடினா ஆபத்த உள்ளுக்கு ஒளிச்சு வைக்கிற வேலை. தகட்டு தடிப்ப அல்ட்ராசோனிக் மீட்டர்ல ஒவ்வொரு வருஷமும் அதே இடத்துல அளந்து எழுதினாதான் எவ்வளவு தேயுதுன்னு தெரியும். ஃப்யூசிபிள் பிளக் (தண்ணி குறைஞ்சு சூடு கூடினா உருகுற அடைப்பு) இருக்கிற பொயிலர்னா பழசு நல்லா தெரிஞ்சாலும் புதுசு போடுங்க.

மேன்ஹோல், மட் ஹோல் மூடிகளுக்கு ஒவ்வொரு தடவையும் புது கேஸ்கெட். பழசுல ஒரு துணுக்கு கூட ஒட்டாம ரெண்டு முகத்தையும் சுரண்டுங்க. மூடிய நடுவுல வச்சு சுத்திவர இடைவெளி ஒரே அளவா 1.5 மில்லிமீட்டருக்கு மேல போகாம இருக்கணும், கூட இருந்தா கேஸ்கெட் பிதுங்கி ஓடுற நேரத்துல வெடிச்சு வெளியில வரும்.

ஹைட்ரோ டெஸ்ட் (பொயிலர தண்ணியால நிரப்பி பிரஷர் ஏத்தி பார்க்கிறது) பரிசோதகர் சொல்ற பிரஷர்ல, அவர் முன்னுக்கு. இங்கயும் குளிர் ஒரு விஷயம், ஜனவரி விடியக்காலை நுவரெலியாவுல டாங்க் தண்ணி 12 பாகை வரைக்கும் கூட இறங்கியிருக்கும், அதுல டெஸ்ட் பண்ணாதீங்க, குளிர்ந்த இரும்பு விறைச்சு வெடிக்கிற தன்மை கூட, அதோட வெளியில வேர்க்கிற தண்ணியையும் ஒழுக்கையும் பிரிச்சு சொல்ல முடியாது. தண்ணிய 20 பாகைக்கு மேல கொண்டுவந்து, காத்த முழுசா வெளியேத்தி, மெதுவா ஏத்துங்க.

கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைக்கிறதுன்னா அரைகுறையா தண்ணி விடாதீங்க, ஒண்ணு மருந்து கலந்து வாய் வரைக்கும் நிரப்புங்க, இல்ல முழுசா வடிச்சு காய வச்சு சுட்ட, நீத்தாத சுண்ணாம்போ சிலிக்கா ஜெல்லோ தட்டுல வச்சு மூடுங்க. நெருப்பு பக்க சாம்பல கட்டாயம் எடுத்துட்டு சிம்னி வாய மூடுங்க, மிஸ்ட் இறங்குற ஊர்ல ஒரு மாசம் சாம்பலோட கிடந்த ட்யூப், ஓடினப்ப ஒரு வருஷத்துல தேயிறதை விட கூட துருப்பிடிக்கும். திரும்ப பத்த வைக்கிறப்ப சிம்னி மூடிய எடுத்தாச்சான்னு பார்த்துட்டு, ஐடி ஃபேன அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, வென்ட் திறந்து, சின்ன நெருப்புல ஆரம்பிங்க. வென்ட்ல ஸ்டீம் நல்லா வந்த பிறகு மூடி, பிரஷர் லேசா ஏறினதும் மட் ஹோல் நட்டை சின்ன ஸ்பேனரால, நேர் எதிர்ல நிக்காம பக்கத்துல நின்னு, ஒருக்கா இறுக்கி பாருங்க, கேஜ் கிளாஸ டெஸ்ட் பண்ணுங்க, பிறகு மெயின் ஸ்டீம் வால்வ கால் சுத்து மட்டும் திறந்து பைப் சூடாகி தண்ணி ட்ரெப் (ஸ்டீம விடாம தண்ணிய மட்டும் வெளியேத்துறது) வழியா போகிற வரைக்கும் நில்லுங்க, பைப்புல டொக் டொக்னு சத்தம் நின்ன பிறகு மிச்சத்தை திறக்கலாம்.